முதலில் சங்கு கேட்டவன்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நான்காக மடித்து, மம்சாபுரத்து மாரீஸ்வரி கையில் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் அவள் படித்தாலும் படிக்கட்டும். கொட்டகையில் உனக்கு முன்னால் வேறு யாராவது பிரித்தாலும் பிரிக்கட்டும். அங்கே உட்கார்கிற அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டியதைத்தான் உன் பெயரைப் போட்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே மில் வாசலில் சங்கம் ஒட்டிய நோட்டீஸ்களைப் பார்த்துத்தான். அதனால் அங்கங்கே 'தோழர்களே' என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் இதில் வரும். பொறுத்துக்கொள்.

வருகிற தை முதல் தேதி உன்னைக் 'கேட்பவர்' என்று நடுவில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் ஆள் விட்டுச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்பவராக உட்கார்ந்துவிட்டால் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, கல்யாணம் கூடாது. உனக்கு ஏன் அந்த இடம் என்றால், பூட்டிய மில்லின் சங்கை முதலில் கேட்டவனுடைய மகன் நீ. அந்த முதலில் கேட்டவன் நான். தம்பி, எனக்கு அன்றைக்குச் சங்கு கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியும். ராஜபாளையம் போகிறேன் என்று கிளம்பி ஆலங்குளம் சுற்றி வருகிற ஆள் நான். நடுவில் எங்காவது கதை திரும்பிவிட்டால் சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும்.

மில்லைப் பூட்டியபோது உனக்கு ஆறு வயது. உனக்கு அந்தப் பூட்டிய கேட்டுதான் ஞாபகம் இருக்கும். திறந்திருந்த மில்லை நீ பார்த்ததில்லை. நான் நூல் நூற்கிற ரிங் பிரேமில் நின்றேன், உன் அம்மா நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்றாள். ரிங் பிரேம் ஓடுகிற கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. கையைக் காட்டித்தான் பேசுவோம். உன் அம்மாவை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். அவள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் காட்டி ஏதோ கேட்டாள். நான் என்னவோ புரிந்துகொண்டு என் சட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். 'தள்ளி நில்லு, சட்டி மேல பஞ்சு விழுது' என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எனக்குப் பட்டினி. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு தொங்குகிறது. சங்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. 'தோழர்களே, யாரும் வேற வேலைக்குப் போயிராதீங்க. தானா வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிருவாங்க. ஒவ்வொரு ஷிப்டுக்கும் வந்து இந்த மரத்தடியில உக்காருங்க. நோட்டுல வருகை எழுதுங்க. அதுதான் கோர்ட்டுல சாட்சி' என்றார். கேட்டுக்கு எதிரே நின்ற வாகை மரத்தைத்தான் சொன்னார். இப்போது உங்கள் கொட்டகைக்கு நடுவில் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறதே, மஞ்சள் துணி சுற்றி, அதே மரம். அன்றைக்கு அதன் அடியில் நாய் படுத்திருந்தது.

குருசாமி மேஸ்திரிதான் நோட்டை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் சங்கு ஊதின அடுத்த நிமிஷம் ஆட்களை மிஷினில் நிறுத்தின மனுஷர் அவர். காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் பேர் கூப்பிடுவார். நாங்கள் 'உள்ளேன்' சொல்வோம். சும்மா உட்காரத்தானே போகிறோம் என்று யாரும் அழுக்கு வேட்டியோடு வரவில்லை. சவரம் செய்து, காக்கி டவுசரைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு வந்தோம். பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்து என்ன செய்வது? பூட்டிய கேட்டைப் பார்ப்போம். அதற்குப் பின்னால் மேற்கே மலையைப் பார்ப்போம். முதல் வருஷம் எல்லோரும் பேசினோம், நான் கதை சொன்னேன். இரண்டாம் வருஷம் பேச்சு குறைந்தது. சங்கத்துக்காரர் மதுரையோடு நின்றுவிட்டார், இந்தப் பக்கம் வரவில்லை. ஆட்களும் ஒவ்வொருவராகத் தறிக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போனார்கள். மிச்சம் அறுபது பேர் வாய் மூடி உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் கூட்டத்துக்கு எது ஆரம்பம் என்று என்னைக் கேட்டால், சங்குக்கு முன்னாலேயே ஒன்று நடந்தது. கூட இருந்த இருளப்பன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். பதினாறாம் நாள் முடிந்து அவன் பெண்சாதி வெள்ளையம்மாள் மரத்தடிக்கு வந்து அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரி நோட்டைத் திறந்து பென்சிலைக் கையில் எடுத்தார்.

'என்ன மேஸ்திரி, அவிய பேரை அடிக்கப் போறீகளா?'

'செத்த ஆளு எப்படிம்மா ஷிப்டுக்கு வருவாரு?'

'நான் வந்திருக்கேன்லா. பேரு நோட்டுல இருந்தாத்தான நாளைக்கு எம்பிள்ளைகளுக்கு ஒண்ணு கிடைக்கும்? அடிச்சுட்டீகன்னா எங்க போயிக் கேப்பேன்? கூப்பிடுங்க, நான் சொல்லுதேன்.'

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகினார். பிறகு 'இருளப்பன்' என்று கூப்பிட்டார். 'இருக்காக' என்றாள் வெள்ளையம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அவளுக்குக் காய்ச்சல் வந்து வராத நாளில் இருளப்பன் பேரைக் கூப்பிட்டபோது, பதில் இல்லாமல் விடுவதற்கு எங்களுக்கு மனசு வரவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து 'இருக்காக' என்றோம். அதற்குப் பிறகு செத்தவர்கள் எல்லோருக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தோம். இன்றைக்கு வெளியூரில் இருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டு மேலெல்லாம் புல்லரிக்கிறது என்கிறார்கள். கண்ணீர் விடுகிறார்கள். ஒரு பெண்பிள்ளை தன் பிள்ளைகளுக்கு வர வேண்டியது நின்றுவிடக் கூடாது என்று பயந்து சொன்ன சொல் அது. அதைத் தெரிந்துகொண்டு அழுதால் எனக்குக் குறையில்லை.

இனி சங்குக்கு வருகிறேன். ஆடி மாதம், காற்று அள்ளிக்கொண்டு போகிறது. மதியம் இரண்டு மணி இருக்கும். மேஸ்திரி திடுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'ஏலே, சங்கு கேட்டுச்சால?'

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவன் ஆரம்பித்தான். 'கேட்டுச்சு மேஸ்திரி. மொதலாளி கார்ல வாராரு, எந்திரிச்சு நில்லுங்க.' இன்னொருவன், 'ஊதினது சங்கு இல்ல மேஸ்திரி, உங்க வீட்ல அக்கா இட்லிச் சட்டியத் தொறந்திருப்பாக' என்றான். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு 'ஏமய்யா, போனஸ் எப்ப?' என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பதற்கு ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷம் அவர் விசில் அடித்தால் ஓடி வந்த முகங்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை, தம்பி. கைக்குழந்தை, தூக்கச் சொல்லிப் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

'எனக்குங் கேட்டுச்சு மேஸ்திரி' என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் கதை சொல்கிறவன். வாய் நிற்கவில்லை. 'ரெண்டு மணிச் சங்குதான். நீட்டி ஒண்ணு, நிறுத்தி ஒண்ணு' என்றேன். சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் என் இடது காது செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வலது காதும் பாதிதான். என் வலது பக்கம் இருந்த ஒருவன் சொன்னான். 'இவன் பக்கத்துல வெடி போட்டாலே திரும்ப மாட்டானே. இவனுக்கே கேட்டுருக்குன்னா…' அவன் அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் விட்ட இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஒருவரும் பேசவில்லை. காது கொடுத்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று பேருக்குக் கேட்டது. மாதம் முடிவதற்குள் முப்பது பேர். எனக்கு இது எப்படி என்று விளங்கவில்லை. நான் பொய்யல்லவா சொன்னேன், இவர்களுக்கு எப்படி நிஜமாகக் கேட்கிறது? பயமாக இருந்தது. பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடைகளில் என்னை உட்கார வைத்து, 'அந்தக் கதையச் சொல்லுங்க' என்பார்கள். சொல்லச் சொல்ல வளர்ந்தது. மலையில் இருந்து சங்கு வந்தது என்றேன். வாகை மர இலை ஒன்றுகூட ஆடவில்லை என்றேன். ஆடி மாதத்தில் ஆடாத இலை ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கதையைக் கேட்டுத்தான் அச்சாபீஸ் பரமசிவம் வந்தார். அவரை எனக்கு முன்னாலேயே தெரியும். அவர் தன் அச்சாபீஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆவி கூப்பிடுவார். அட்டையில் வட்டமாக எழுத்துகளை எழுதி, நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, நாலைந்து பேர் அதன் மேல் விரல் வைக்க வேண்டும். டம்ளர் எழுத்து எழுத்தாக நகர்ந்து பதில் சொல்லும். ஒரு தடவை நானும் விரல் வைத்தேன். செத்துப்போன என் அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். டம்ளர் போய் 'நலம்' என்று நின்றது. எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை நலம் என்று ஒரு சொல் சொன்னவர் இல்லை. 'என்னலே, கஞ்சி கிடக்கா?' என்றுதான் கேட்பார். ஆனால் ஒன்று கவனித்தேன். பரமசிவம் ஏமாற்றவில்லை. டம்ளரை யாரும் தள்ளவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளினோம். தள்ளுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயம் இவ்வளவுதான். ஆலங்குளத்தில் கல் உடைக்கிற இடத்திலோ, சாத்தூர்ப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ, புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் எல்லோரும் 'எவன்டா ஏமாத்துறவன்' என்று தேடுகிறார்கள். எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகத்துக்கு வரும்.

பரமசிவம் எங்களைப் பார்த்து ஒரு புத்தகம் அச்சடித்தார். அதில் மில் என்று எங்கேயும் இல்லை, 'பேராலை' என்று இருந்தது. ஷிப்டு 'இருப்பு' ஆனது. சங்கு 'நாதம்' ஆனது. என்னைப் பற்றி நான்கு பக்கம். 'செவிப்புலன் இழந்த ஓர் எளிய தொழிலாளி' என்று போட்டிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தபோது அந்தத் தொழிலாளி மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது. பிறகு தகரக் கொட்டகை வந்தது. கோவில்பட்டியில் இருந்தும் சங்கரன்கோவிலில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். நோட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் எங்களைச் 'சங்குச் சாமிக' என்று கேலி செய்தார்கள். கேலி செய்யச் செய்ய உள்ளே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

மார்கழியில் ஒரு நாள் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'எனக்குங் கேட்டுருச்சுங்க' என்றாள். 'எப்படிக் கேட்டுச்சு?' என்றேன். 'நீங்க சொன்ன மாதிரியேதான். நீட்டி ஒண்ணு, நிறுத்தி ஒண்ணு.' அவள் அவ்வளவு சந்தோஷமாக அழுது நான் பார்த்தது நீ பிறந்த அன்றைக்கு மட்டும்தான். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் பெரியது எது என்று கேட்டால், மரத்தடியில் சொன்ன பொய்யைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வாய் மூடி இருந்ததைத்தான் சொல்வேன்.

வலது காதும் மோசமாகி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காது பார்க்கிற டாக்டரம்மா, சின்ன வயசு. என் கையைப் பார்த்துவிட்டே 'மில்லா?' என்றார். 'ஆமாம்மா' என்றேன்.

'காதுக்குள்ள விசில் மாதிரி, சங்கு மாதிரி சத்தம் வருமே?'

'நாள் பூரா வருதும்மா.'

'அமைதியா உக்காந்தா கூடுமே?'

'ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'மில்லுல வேலை பார்த்து வர்றவங்க எல்லாரும் இதைத்தான்யா சொல்றாங்க. வருஷக்கணக்கா மிஷின் சத்தத்துல நின்னா காது நரம்பு கெட்டுப்போகும். வெளியில சத்தம் இல்லாட்டியும் உள்ள கேட்டுக்கிட்டே இருக்கும்.'

பஸ்ஸில் திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டுகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்குப் பிறகு ஓடியது. அறுபது பேர், அறுபது பேரும் மில் ஆட்கள். கெட்டுப்போன காதுகளை வைத்துக்கொண்டு வாய் மூடி, காது கொடுத்து உட்கார்ந்தால் என்ன கேட்கும்? எனக்கும் அந்தச் சத்தம் எப்போதும் இருந்தது. அது என் காதின் சத்தம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது சங்கு என்று நான்தான் பெயர் வைத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

'நரம்புலதான் கேக்கட்டுமே. சாமி வேற எதுல வரும்?' என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். 'உங்களுக்கு அன்னைக்குக் கேட்டுச்சா இல்லையா? அத மட்டுஞ் சொல்லுங்க.'

'கேக்கல. மேஸ்திரி மூஞ்சியப் பாக்க முடியாமச் சொன்னேன்.'

அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். 'வெளிய சொல்லிராதீக. குருசாமி அண்ணன் உசுரை விட்டுருவாரு' என்றாள். அது நிஜம்தான் என்று எனக்கும் பட்டது. அவருக்காக வாயை மூடினேன். இப்போது பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன புரட்டாசியில் மேஸ்திரி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்துக்குத்தான் உன்னைக் கேட்கிறார்கள். அவருக்காக நான் மூடின வாயை இனி மூடி வைக்கக் காரணம் இல்லை.

நான் ஏன் உங்களை விட்டுப் போனேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நானாகச் சொல்கிறேன். ஒரு நாள் கயத்தாற்றுப் பக்கம் இருந்து ஒரு பெண் வந்தாள். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளையை என் மடியில் வைத்து, 'ஐயா, எம்பிள்ளை காதுல ஒரு வார்த்தை சொல்லுங்க' என்றாள். பிள்ளை என் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. நான் அதன் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனேன். என்ன சொல்வது? பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தேன். எனக்குக் கேட்பது நின்றுவிட்டது என்று ஆள் விட்டுச் சொன்னேன். அதுவும் பொய்தான். உன் அம்மா வர மாட்டேன் என்றாள். அவள் தனியாக இருக்கக் கூடாது என்று உன்னை அவளோடு விட்டேன். பத்து வயதுப் பிள்ளையை ஒரு பெரிய மனுஷிக்குத் துணை வைத்துவிட்டு வந்தவன் நான். துணைக்கு வைக்கப்பட்ட பிள்ளை துணையாகவே வளர்ந்துவிட்டது. அதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

இப்போது எனக்கு மடவார் வளாகத்தில் ஒரு வாடகை அறை. பேண்டேஜ் துணி மடித்துக் கொடுக்கிற வேலை. காலையில் மூட்டை வரும், சாயந்திரம் எடுத்துப் போவார்கள். வெள்ளைத் துணியை அளந்து மடித்து அடுக்கிக்கொண்டே இருப்பேன். ஒரு ஆளுக்கு உலை வைப்பது எப்படி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, எப்போதும் ஒரு பிடி கூடிவிடுகிறது. கதை சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மாவின் பேரப்பிள்ளைகள் வந்து 'தாத்தா, கதை' என்று நிற்கும். 'டிவியில போடுவாங்க, போங்க' என்று அனுப்பிவிடுவேன். ஒரு கதையைச் சொல்லி ஒரு கூட்டமே உட்கார்ந்துவிட்டது, இன்னொன்றைச் சொல்லப் பயமாக இருக்கிறது. மதியம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் என் காதுக்குள் சத்தம் ஓங்கும். அப்போது உன் அம்மாவும் அதே நேரத்தில் அங்கே உட்கார்ந்து அதே மாதிரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் ஒன்றாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு முன் உனக்கும் கேட்டுவிட்டது என்று உன் அம்மா சொல்லி அனுப்பினாள். தம்பி, நீ ஒரு நாள்கூட ரிங் பிரேம் பக்கத்தில் நின்றவன் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிறாய். உன் காது எப்பேர்ப்பட்ட காது என்று எனக்குத் தெரியும். பஸ் திரும்புகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த டிரைவர் என்று சொல்லுவாய், சின்ன வயதில். அந்தக் காதில் இல்லாத சங்கு கேட்காது. நீ பொய் சொல்கிறாய். ஏன் சொல்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். அவள் உன் முகத்தைப் பார்த்திருப்பாள். குருசாமி மேஸ்திரி என்னைப் பார்த்த மாதிரி. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. இது உன் பொய்கூட இல்லை, என்னிடம் இருந்து உனக்கு வந்தது.

போன வாரம் மம்சாபுரம் போனேன். மாரீஸ்வரி அவள் உட்கார்கிற எஸ்.டி.டி. பூத்தில் இருந்தாள். உனக்கென்று பேசி வைத்த பெண்ணிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன். அவளே கூப்பிட்டாள்.

'மாமா, வெயில்ல என்ன நிக்கீக? உள்ள வாங்க. போன் பேசணுமா?'

'பேச எனக்கு யாரும்மா இருக்கா? உன்னத்தான் பாக்க வந்தேன்.'

'தெரியும். உங்க மகனுக்குச் சங்கு கேட்டுருச்சாம்லா' என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு சொன்னாள். 'மாமா, நான் நாள் பூரா இந்தக் கண்ணாடிக்கு வெளிய உக்காந்து அடுத்தவிய பேசுறதக் கேக்கேன். பொய் சொல்லுத குரல் எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும். அத்தைக்காகச் சொல்லுதாக.'

'நீ அவன்கிட்ட கேட்டியா?'

'கேட்டேன். கொட்டகைப் பக்கம் போனேன். ரெண்டு மணிக்குப் பேர் கூப்பிட்டாக. உங்க பேரையுங் கூப்பிட்டாக மாமா. தெரியுமா?'

எனக்குத் தெரியாது.

'அத்தைதான் இருக்காகன்னு சொன்னாக. தினமும் அவியதான் சொல்லுவாகளாம். அதக் கேட்டுட்டு உங்க மகன் தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாக. அந்த நேரத்துல போயி நான் என்னத்தக் கேக்க?'

'தைக்குப் பொறவு நீ என்ன செய்வம்மா?'

'நான் என்ன செய்ய? எங்கப்பா வேற இடம் பாப்பாக. அழுதுட்டுப் போயிருவேன், ஒரு வருசத்துல சரியாயிரும். உங்க மகன்தான் ஆயுசு பூரா அங்க உக்காந்து, கேக்காததக் கேட்டேன்னு சொல்லிக்கிட்டுக் கிடப்பாக. கேக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா. என்னையக் கட்டாட்டியும் போகுது.'

இந்தப் பெண்ணை விட்டுவிடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் இருவர் காரியம். நான் சொல்ல வேண்டியது வேறு. உன் அம்மாவிடம், அவளுக்குக் கேட்பது பொய் என்று ஒரு நாளும் சொல்லாதே. அவளுக்குக் கேட்கிறது. டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொல்வார், பரமசிவம் ஒரு பெயர் சொல்வார். எனக்கு இரண்டும் தெரியாது. மில்லும் போய், புருஷனும் போய், அவளிடம் மிச்சம் இருப்பது அந்தச் சத்தம். அதைப் பிடுங்க உனக்கும் எனக்கும் உரிமை இல்லை. 'எனக்குக் கேட்கவில்லை' என்று மட்டும் சொல். நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் அவளிடம் அன்றைக்குத் தப்பாகப் பேசினேன். அவளுடைய காதைப் பற்றிப் பேசினேன், என்னுடைய வாயைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டும். அவள் கோபப்படுவாள். ஒரு வாரம் சோறு போட மாட்டாள். பேச மாட்டாள். அந்த ஒரு வாரத்தைத் தாங்கு. நான் அதைத் தாங்க முடியாமல் ஓடிப் போய்த்தான் இத்தனை வருஷம் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அறுபது பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும். இப்போது அறுபது இல்லை, ஐந்நூறு பேர் என்கிறார்கள். அதனால் தை முதல் தேதி நான் வருகிறேன். இரண்டு மணிக்கு, உன்னை நடுவில் உட்கார வைத்து, 'கேட்டதா?' என்று மூன்று தடவை கேட்பார்களாம். முதல் தடவை கேட்டதும் நீ வாயைத் திறக்காதே. நான் எழுந்து நின்று சொல்கிறேன். எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன். காது மந்தமானவன் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வரும், நல்லதாகப் போயிற்று. பரமசிவம் ஏதாவது சொல்வார். யாராவது என்னைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். உன் அம்மா என்னைப் பார்ப்பாள். இருந்தாலும் வருவேன். இரண்டாம் தடவை கேட்கும்போது நீ சொல்லு. சொல்ல முடியவில்லை என்றால் மூன்றாம் தடவை சொல்லு. மூன்று தடவையும் முடியாமல் போனாலும் நான் உன்னை ஏசிவிட்டுப் போக மாட்டேன்.

கொட்டகைக்கு வெளியே, தெற்கு ஓரமாக, கேட்காதவர்கள் உட்கார ஒரு கயிறு கட்டி இடம் விட்டிருக்கிறார்கள் என்று மாரீஸ்வரி சொன்னாள். அங்கே யாரும் உட்காருவதில்லையாம். மதியத்தில் நிழலும் இருக்காதாம். நான் காலையிலேயே வந்து அங்கே துண்டை விரித்து உட்கார்ந்துகொள்கிறேன். என் துண்டு பெரிய துண்டு. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா